ஏரியூர் இடுப்புக் கவச விழா

மனித குலம் நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டபின், அதைத் தொடர்ந்து நிமிர்த்தியே வைத்திருக்கும் மாபெரும் பொறுப்பை ஏரியூர் 'நிமிர்ந்த முதுமை' அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. செயலாளர் தீர்த்தகிரிக்கு இதில் ஐயமே இல்லை. வயதானவர்கள் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்; இருபுறமும் மெத்தை வைத்துத் தைத்த 'இடுப்புக் கவச' அரைக்கால்சட்டையை உள்ளே போட்டுக்கொண்டால் அந்த ஆபத்து குறையும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் தூக்கத்திலும் இடுப்பைப் பற்றியே பேசினார். அவர் மனைவி கவலைப்பட்டார்.

கவசம் வழங்கும் விழாவுக்கு முதல் நாள் மிக்கேலம்மாள் வந்தார். மாதாமாதம் அறக்கட்டளை மண்டபத்தில் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். போன மாதம் அந்த மண்டபத்து வாசற்படிக் கல் ஆடி, விழப் பார்த்துத் தப்பியவர். விழுந்து படுத்தால் பார்க்க ஆளில்லையே என்ற பயம் அவருக்கு.

“சார், அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் சிமெண்ட் வெச்சுப் பூசுங்க. கவசம் அப்பறமா குடுங்க.”

“கல்லு ஆடலைன்னா நீங்க எப்புடி விழுவீங்க ஆத்தா? விழலைன்னா கவசத்தோட அரும எப்புடித் தெரியும்?”

மிக்கேலம்மாளுக்கு இந்த விஞ்ஞானம் பிடிபடவில்லை.

விழா களைகட்டியது. மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அழைக்காமல் ஏறியவர்களுக்கும் போர்த்தினார்கள். ஒருவரை விட்டால் பேரன் கல்யாணம் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார். சிறப்பு விருந்தினர் பெரியண்ணன், முறைப்படி தாமதமாக வந்து கழுத்தை நீட்டியபோது பொன்னாடை தீர்ந்துவிட்டது.

தீர்த்தகிரிக்கு வேர்த்துக் கொட்டியது. வரிசையில் முதல் ஆளாக நின்ற மிக்கேலம்மாளுக்கென்று எடுத்த கவசம் அவர் கையில் இருந்தது. அதை உதறிப் பெரியண்ணன் தோளில் போர்த்தினார்.

“அது என்னுதுங்க சார்.”

“கை தட்டுங்க ஆத்தா.”

மெத்தைகள் இரண்டும் தோளுக்கொன்றாக, தளபதியின் பட்டைபோல எழும்பி நின்றன. “இத்தன கனமான பொன்னாட எனக்கு யாரும் போட்டதில்லீங்க” என்று பெரியண்ணன் கண்கலங்கினார். கழற்ற மனம் வரவில்லை. போட்டோக்காரரைப் பார்த்துக் கும்பிட்டபடியே வாசலில் இறங்கினார். கல் ஆடியது.

இடுப்பெலும்பு முறிந்தது. கவசம் இருந்த தோள்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே கவசம் 'முழு வெற்றி' என்று அறக்கட்டளை தீர்மானம் நிறைவேற்றியது.

மறுநாளே கொத்தனார் வந்தார். கிரானைட் படி, பளபளவென்று கைப்பிடிக் கம்பி. தங்கள் வேகத்தை நினைத்துத் தீர்த்தகிரிக்கே புல்லரித்தது. மாத்திரைக்கு வந்த மிக்கேலம்மாள் கம்பியைப் பிடித்து ஏறினார், இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறினார்.

“எப்புடி ஆத்தா, திருப்திதானே?”

“நல்லா இருக்குதுங்க சார். பின்னாடி கக்கூசுக்குப் போற வழியும் பாசி புடிச்சு வழுக்குதுங்க. அங்கயும் ஒரு பெரிய மனுசர நடக்க வைங்க.”