ஆறு வண்டிக்கு ஆறு மேகம்

சென்னையில் டிசைன் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களிடம் சொந்தக்காரர்கள் எந்த வேலையையும் கொடுக்கக் கூடாது. அப்படிப் படித்துத் திரும்பியவள் நானே என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

என் தாய்மாமா கொடைக்கானலில் டிராவல்ஸ் நடத்துகிறார். அதற்கு ‘மேகவண்டி’ என்று புதுப்பெயர் வைத்து, லோகோ போடும் பொறுப்பை என்னிடம் விட்டார். ஒரே லோகோவை எல்லா வண்டியிலும் ஒட்டுவது பழைய காலம் என்றேன். இடத்துக்கு ஏற்ப மாறும் அடையாளம்தான் இப்போது உலக வழக்கம் என்றேன். (உலகத்தில் யாரையும் கேட்கவில்லை.) ஆறு வண்டிக்கு ஆறு நிறம், ஆறு வடிவ மேகம். லேப்டாப்பில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது அக்கா தங்கைகள் போலவே இருந்தன. ரோட்டில் அவை ஒருநாளும் வரிசையாக நிற்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதமே அய்யம்பாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையோடு போனில் மட்டும்தான் பேசியிருந்தேன். அதற்கே ரொம்பப் பிடித்துப்போய், இந்த இடம் தவறிவிடக் கூடாதே என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

“பஸ் ஸ்டாண்டுல இந்த வண்டி நிக்கும்ங்க” என்று மாமா அவர்களுக்கு நீல வண்டியின் படத்தை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார். நீல வண்டி பண்ணைக்காட்டில் பஞ்சராகி நின்றுவிட, சிவப்பு வண்டி போனது.

“எல்லாம் நம்ம வண்டிதாங்க, வெரசா ஏறுங்க” என்றிருக்கிறார் டிரைவர் செல்வம் அண்ணன். எங்கள் பஸ் ஸ்டாண்டில் டூரிஸ்டுகளை மடக்கும் லாட்ஜ் புரோக்கர்கள் அத்தனை பேரும் சொல்வது அட்சரம் பிசகாமல் இதைத்தான். மாப்பிள்ளையின் அப்பா பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாராம்.

செல்வம் அண்ணன் எங்கள் வீட்டுக்குப் போன் போட்டார். “பாப்பா, வண்டிய நம்ப மாட்டேங்குறாக. திரும்பிப் போறோம்னு நிக்கிறாக.”

மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“நான்தாங்க பொண்ணு” என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா தன் போனில் என் போட்டோவைப் பார்த்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. என்னைப் பார்த்தார். குரங்குக் குல்லா, சோடாபுட்டிக் கண்ணாடி.

“ஏம்மா, இதுலயும் படம் ஒண்ணு, ஆளு ஒண்ணா?”

பயத்தில் படித்த படிப்பெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. “அங்கிள், அது வந்து, எடத்துக்கு ஏத்த மாதிரி மாறுற அடையாளம்.”

“எங்க ஊரு போலீஸ் ஸ்டேஷன்ல அதுக்கு வேற பேரும்மா” என்றார்.

ஐயோ, எல்லாம் போச்சு என்று நின்றேன். பின்னால் நின்ற இளைஞர் சிரித்துவிட்டார். “அப்பா, போன்ல கேட்ட கொரலு இதேதான். ஏறுங்க.”

மறுநாளே மாமா ஆறு வண்டியிலும் நீல மேகத்தை ஒட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணத்தன்று லென்ஸ் வைத்து, மேக்கப் போட்டு என்னை மேடைக்குக் கூட்டி வந்தார்கள். அப்போது என் மாமனார் எழுந்து சொன்னது வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுகிறார்கள்.

“ஏலே, தாலியக் கட்டுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பேசச் சொல்லிப் பாத்துக்க.”