ஒன்பது பாங்கும் ஒரே முந்நூறு யூரோவும்

எழுநூற்றிருபது யூரோ. வரதராசா கிரிகோரிக்குக் கொடுக்க வேண்டிய கடன் அவ்வளவுதான். இரண்டு வருசத்துக்கு முன்னம் மனைவி சாரதாதேவியைப் பார்க்க ஊருக்குப் போன விமான டிக்கெட்டில் நின்றுபோன மிச்சம் அது.

கிரிகோரிக்குப் பாரிசில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் கடை. ஒரு பக்கம் கைத்தொலைபேசி, மறுபக்கம் விமான டிக்கெட். வரதராசா ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போய், இந்த மாதமும் ஏன் தரமுடியவில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். ஐம்பத்தாறு வயசு மனுசனுக்குப் பாரிசில் போய் இருக்க வேறு கதிரை இல்லை. கிழமையில் ஆறு நாள் ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிறவர். ஏழாம் நாள் கடனுக்குச் சாட்டுச் சொல்லுகிறவர்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் சாட்டுச் சொல்லவில்லை.

"என்ன அண்ணை, முகம் அடிப்பிடிச்ச சட்டி மாதிரிக் கிடக்கு?"

"திரான்சியில ஒரு வீடு சரிவருது கிரிகோரி. இருபத்தாறு சதுர மீற்றர். மனுசியை இஞ்சை கூப்பிடுறதெண்டால் சட்டப்படி குறைஞ்சது இருபத்திரண்டு வேணுமாம். என்ரை அறை ஒன்பது."

"எடுங்கோவன்."

"முற்பணம் ரெண்டாயிரம். இருக்கிற ஆள் ஆவணியிலதான் எழும்புதாம், நேரம் இருக்கு. பாங்கில கேப்பமெண்டால், உன்ரை கடன் நிக்கேக்கை இன்னொண்டு வாங்க மனம் வருகுதில்லை."

கிரிகோரி கம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பினான்.

"அண்ணை, ஊருலகத்தில பாங்குக்காரர் கணக்குத் திறக்கிறவனுக்கு எண்பது யூரோ சும்மா குடுக்கிறான். ஒரு பாங்குக்கு எண்பது. ஒன்பது பாங்கு திறவுங்கோ. ஒன்பெட்டு எழுபத்திரண்டு, பின்னால ஒரு பூச்சியத்தைப் போடுங்கோ. என்ரை கடன் முடிஞ்சுது. பேந்து நிமிர்ந்து நிண்டு வீட்டுக்குக் கேளுங்கோ."

"எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வராதே."

"நான் என்னத்துக்கு இருக்கிறன்?"

அந்த ஒரு வார்த்தைக்காக வரதராசா ஒன்பது அல்ல, தொண்ணூறு கணக்கும் திறந்திருப்பார். பாரிசுக்கு வந்த பதினொரு வருசமாக அவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கு ஒரு பாங்காகத் திறந்தார்கள். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் கிரிகோரியே தட்டுவான். படிவத்தின் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஏதோ எழுத்தும் இலக்கமும் பாராமலே போடுவான்.

"அது என்னது?"

"அது பாங்குக்காரற்றை அலுவல் அண்ணை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

எண்பது யூரோ சும்மா வரவில்லை. முதலில் முந்நூறு யூரோ போட்டுக் காட்டவேண்டும் என்றன எல்லாப் பாங்கும். சம்பளமும் இங்கே வரவேண்டும் என்றது ஒன்று. அட்டையால் பத்துத் தடவை சாமான் வாங்கவேண்டும் என்றது இன்னொன்று. வரதராசாவிடம் இருந்தது ஒரே முந்நூறு. அதை முதல் பாங்கில் போட்டு எடுத்து, இரண்டாவதில் போட்டு எடுத்து, இப்படியே ஒன்பதுக்கும் நடத்திக்கொண்டு போனார். பதினொரு வருசத்தில் அவர் பார்த்த பாரிசைவிட, அந்த முந்நூறு யூரோ மூன்று மாதத்தில் பார்த்த பாரிஸ் அதிகம்.

சம்பளம் போடுகிற முதலாளி டேமியன் தலையில் கையை வைத்தான். "வரதா, ஏப்ரன் மாத்துறதைவிட வேகமா நீ பாங்கு மாத்துறாய்!"

வந்த எண்பதுகளில் பாதி வாய்க்குப் போனது, மிச்சம் கைச்செலவுக்கு; கிரிகோரியின் கடன் அப்படியே நின்றது. அட்டையால் சாமான் வாங்கச் சொன்னால் வாங்கத்தானே வேண்டும்? தனியாள் அறையில் ஏழு போத்தல் ஒலிவ் எண்ணெய் வரிசையாக நின்றது.

ஆனால் ஒரு சுகமும் இருந்தது. சித்திரையில் அவருடைய பிறந்தநாள் வந்தது. காலையிலிருந்து தொலைபேசி மணியடித்தபடி இருந்தது. ஒன்பது வாழ்த்து! 'அன்புள்ள வரதராசா' என்று ஒன்பது பாங்கும் எழுதியிருந்தன. வேறு யாரும் எழுதவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சமையல்கட்டு மூலையில் நின்று ஒன்பதையும் இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

வைகாசியில், ஒன்பதில் முதலாவதாகத் திறந்த பாங்கின் லா ஷப்பேல் கிளைக்குக் கடன் கேட்கப் போனார். அங்கே ஜெர்மேன் அம்மா இருந்தார். பாண்டிச்சேரிக்காரர்; அடுத்த வருசம் ஓய்வு பெறப்போகிறவர். தமிழில் பேசலாம் என்பதற்காகவே வரதராசா அந்தப் பாங்கைத் தேர்ந்தெடுத்தார்.

ஜெர்மேன் அம்மா ஒன்பது பாங்கின் மூன்று மாதக் கணக்குத் தாள்களைப் புரட்டப் புரட்டக் கண்ணாடி மூக்கில் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஐயா, இது சம்பளமா, இல்ல ஊரு சுத்துற புள்ளையா? மாசத்துக்கு ஒரு வீட்ல தூங்குது?"

"வெகுமதிக்காக அம்மா."

"சரி. இந்த முந்நூறு யூரோ? ஒம்போது தடவ போகுது, ஒம்போது தடவ வருது."

"அது ஒரே முந்நூறு தான்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தொசியே, அதான் உங்க ஃபைல பாத்து முடிவெடுக்கிறவங்களுக்குத் தெரியாதே. கறுப்புப் பணத்த சுத்தவிட்டு ஒளிக்கிறார்னு நெனப்பாங்க." அவர் கோப்பு மட்டையை மூடினார். "ஒண்ணு செய்யுங்க. இங்க ஒரு கணக்க வச்சுக்கிட்டு மத்தத எல்லாம் மூடிடுங்க. மூணு மாசம் சுத்தமா இருக்கட்டும். அப்பறம் வாங்க."

வரதராசா நேரே கிரிகோரியின் கடைக்கு ஓடினார். அங்கே இப்போது தேத்தண்ணி இல்லை. பளபளவென்று ஒரு புதுக் கோப்பி மெசின் நின்றது.

"மூடுறது சின்ன வேலை அண்ணை," என்றான் கிரிகோரி. எட்டுக் கடிதம் அடித்துக் கொடுத்தான்.

ஒரு வருசம் முடியுமுன் மூடினால் கொடுத்த எண்பதைத் திருப்பி எடுப்போம் என்று எட்டுப் பாங்கும் பொடி எழுத்தில் போட்டிருந்தன. எட்டும் எடுத்தன. கணக்கில் காசு இல்லாததால் எட்டிலும் கழித்தல் குறி விழுந்தது. அதை அடைக்க அவர் சம்பளத்தைப் பார்த்திருக்க, டேமியன் குழம்பிப்போய் மூடிய கணக்கொன்றுக்குச் சம்பளத்தை அனுப்பினான். அது திரும்பிப் போக இரண்டு கிழமை. அதற்குள் அறை வாடகை கணக்கில் காசில்லாமல் திரும்பியது. தொலைபேசி வெட்டுப்பட்டது. ஒன்பது நாள் சாரதாதேவியின் குரல் இல்லை. அறைக்குள் ஒலிவ் எண்ணெய்ப் போத்தல்கள் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

கடைசியில் எல்லாவற்றையும் கையில் இருந்ததைப் போட்டு அடைத்தார். ஆனால் காசு கட்டாதவர்களின் பட்டியலில் அவர் பெயர் அதற்குள் ஏறிவிட்டது. ஒருவருடைய ஒரு சதத்தையும் எடுத்தறியாத மனுசன். ஆவணியில் திரும்பவும் கடன் கேட்டார்; ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயில் தேருக்கு முந்தின கிழமை பாங்கிலிருந்து கடிதம் வந்தது: கடன் இல்லை. அடுத்த நாள் திரான்சி வீட்டுக்காரர் கூப்பிட்டார்: வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று.

அந்த ஞாயிறு வரதராசா கிரிகோரியின் கடையில் இருந்து அழுதார்.

கிரிகோரி கோப்பி மெசினைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"அண்ணை, அழாதேங்கோ. அந்த எழுநூற்றிருபதை நான் விட்டிட்டன்."

"என்ன சொல்லுறாய்?"

"கடன் இல்லை. முடிஞ்சுது. இனி அதைப்பற்றிக் கதைக்கவேண்டாம்." மெசினைப் பார்த்தபடியே சொன்னான்.

வரதராசா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு எழும்பிக் கடையின் பின்பக்கம் போய், அங்கே கிடந்த கோப்பைகள், கறைபிடித்த தேத்தண்ணிக் கேத்தில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி அடுக்கிவிட்டு வந்தார். ஓய்வு நாளில், சம்பளமில்லாமல். அவருக்குத் தெரிந்த நன்றி அதுதான்.

பின்னேரம் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஆரப்பா இந்தக் காலத்தில அவ்வளவு காசைச் சும்மா விடுறது?" என்றாள் சாரதாதேவி.

"இஞ்சை எனக்கெண்டு ஒருத்தன் இருக்கிறான் தேவி. அதுதான்."

"அப்ப நான் எப்ப வாறது?"

"அடுத்த வருசத் தேருக்கு," என்றார்.

மறுநாள், மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில், கொடுத்த கடதாசிகளைத் திருப்பி வாங்கப் பாங்குக்குப் போனார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு ஐயா," என்றார் ஜெர்மேன் அம்மா.

"பரவாயில்லை அம்மா. வீடு போனாலும் மனுசர் இருக்கினம். எங்கட கிரிகோரி, லூயி-பிளாங்கில போன் கடை வைச்சிருக்கிறான், என்ரை எழுநூற்றிருபது யூரோக் கடனை அப்பிடியே விட்டிட்டான். ஒரு வார்த்தை கேக்கேல்லை. இந்தப் பாங்கையும் மற்ற எட்டையும் எனக்குக் காட்டித்தந்ததும் அவன்தான். ஒவ்வொரு படிவமும் அவன்தான் தட்டினவன்."

ஜெர்மேன் அம்மா கணினித் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவருடைய குரல் தணிந்தது.

"படிவத்துக் கடைசிப் பெட்டியில அவரோட கோட் நம்பர் இருக்கு ஐயா, ஆளச் சேத்துவிட்டா அவருக்கும் எண்பது, ஒம்போது பாங்க்லயும் அப்படித்தான், அத மட்டும் யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."