ஊசி அவளுக்கு, கோடு எனக்கு

நிறைய வாசிப்பவனை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. இது என் மனைவி மலரின் கருத்து. நான் நிறைய வாசிப்பவன். எங்கள் ஊர் முரசுமோட்டையில் எது எந்தத் திகதியில் நடந்தது என்று கேட்டால் உடனே சொல்வேன். (ஒருவரும் கேட்பதில்லை.)

மருமகனின் கலியாணத்தில் மலர் ஆலாத்தி எடுப்பதென்று முடிவாயிற்று. ஆலாத்தி எடுப்பவரின் முகத்துக்கு ஒரு முழத்தில் வீடியோக்காரர் நிற்பார். மாப்பிள்ளையின் தாய், அதாவது மலரின் தமையன் மனைவி பரமேஸ், "கமராவிலை உங்கடை வாய்க்கோடெல்லாம் விழப்போகுது மச்சாள்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டா. மலர் சிரிக்கவில்லை. வவுனியாவுக்குப் போய், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் பள்ளத்தைப் பில்லர் ஊசியால் நிரப்பத் தீர்மானித்தாள். பரமேஸுக்கு மட்டும் தெரியக்கூடாது.

நான் முக உடற்கூறு வாசித்தேன். மருந்து முகநாடி என்ற இரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், கண்பார்வைகூடப் போகலாம். ஆகவே டொக்டர் ஊசியைத் தொடுமுன் கேட்டேன்:

"முகநாடி எந்த வழியாலை போகுது எண்டு தெரியுந்தானே, டொக்டர்?"

மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

டொக்டர் இளம்பெண்; கோபிக்கவில்லை. என்னைக் கதிரையில் இருத்தி, ஊதாப் பேனையை எடுத்தா.

"பல்லைக் கடியுங்கோ ஐயா. தாடையிலை ஒரு தசை இறுகுதெல்லே, அதுக்கு முன்னாலை விரலை வையுங்கோ. துடிக்குதோ?"

துடித்தது. அந்த இடத்திலிருந்து பேனைக் கோடு என் வாயோரத்துக்கு வளைந்து, மூக்கோரமாக ஏறிக் கண்மூலையில் முடிந்தது. மறுபக்கமும் அப்படியே.

"ஆனால் ஆளுக்காள் வழி மாறும். அதுதான் மொட்டை முனைக் குழாயாலை, மெல்ல மெல்லப் போடுறனான்."

"இவ படிச்சவதான்" என்று மலருக்கு உறுதியளித்தேன். ஊசி நல்லபடி முடிந்தது. மலர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். நான் வெளியே காத்திருந்தவர்களுக்கு முகநாடியை விளக்கிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாசித்தவன் முகத்தில் ஒரு களை இருக்கும்தானே என்று நிமிர்ந்து இருந்தேன்.

கிளிநொச்சியில் இறங்கினால், கலியாணச் சீலைப் பைகளோடு பரமேஸ் நிற்கிறா.

"அண்ணை, முகத்திலை என்ன இது? வாய்க்கால் வெட்டப் போறியளோ?"

பக்கத்துக் கடைக் கண்ணாடியில் பார்த்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முழுவதும் என் கன்னத்தால் பாயலாம். உண்மையைச் சொன்னால் மலர் அகப்பட்டுவிடுவாள். "அது முகநாடி..." என்று தொடங்கினேன்.

மலர் முந்திக்கொண்டாள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ மச்சாள். இவர் ஊசி போட்டவர். கலியாணப் படத்திலை வடிவா நிக்கோணுமாம்."

"ஓம்" என்றேன். வாசித்ததில் வேறொன்றும் அந்நேரம் உதவவில்லை.

வீட்டுக்கு வந்து, "கோடு கிடந்ததை ஏன் சொல்லேல்லை?" என்று மலரைக் கேட்டேன்.

"சனம் முழுக்க உங்களைத்தானே பாத்தது. என்னை ஒருத்தரும் பாக்கேல்லை" என்றாள்.

கலியாண வீட்டில் மலருக்கு, "மாமி அப்பிடியே இருக்கிறா" என்று பெயர். எனக்கு 'ஊசி மாமா' என்று பெயர். வீடியோக்காரர்கூட ஆலாத்தியை விட்டுவிட்டு என் கன்னத்தைத்தான் கிட்டவாக எடுத்திருக்கிறார். சொந்தக்காரர் கூடினால் இன்றும் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

போன கிழமை பரமேஸ் இரகசியமாகப் போன் எடுத்தா.

"அண்ணை, அந்த டொக்டரிட்டை நானும் ஒருக்காப் போகோணும். நீங்களும் கூட வாங்கோ. ஆரும் கேட்டால் உங்களுக்குத்தான் எண்டு சொல்லலாம்."