எலுமிச்சை ஓட்டமும் குடும்ப ஈடுபாடும்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது. அடுத்துச் சக்கரத்தைக் கண்டது. அதன்பின் நெடுங்காலம் குறிப்பிடத்தக்க எதையும் காணாமல் சும்மா இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கும்பொருட்டு எங்கள் தொடக்கப்பள்ளியில் தோற்றுவிக்கப்பட்டதே ‘வசந்தகாலச் செயற்பாடுகள் குறித்த குடும்பத் தகவல் மற்றும் ஈடுபாட்டுக் குழு’ ஆகும். அதன் செயலாளர் அடியேன்.

தகவல் மூவகைப்படும். அவை முன்தகவல், உடன்தகவல், பின்தகவல் என்பன. நாளை நடக்கவிருப்பதை இன்றே சொல்வது முன்தகவல். கண்ணெதிரே நடப்பதைப் பார்க்காமல் அதைப் பற்றித் தட்டச்சு செய்துகொண்டிருப்பது உடன்தகவல். நடந்து முடிந்தது உண்மையில் அப்படி நடக்கவில்லை என்று விளக்குவது பின்தகவல். இம்மூன்றையும் இடைவிடாமல் பெறுபவர் ‘தகவல் பெற்ற பெற்றோர்’ எனப்படுவர். பெறாதவர் பிள்ளையை மட்டும் பெற்றவர் ஆவர்.

இத்தகைய உயர்ந்த பொறுப்புக்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாற்றையும் கூறுவது கடமை. நான் தொழிலால் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை, “செயலாளரா இருக்க யாருக்கு விருப்பம்? எழுந்து நில்லுங்க” என்று வினவியபோது, அனைவரும் தத்தம் காலணிகளை ஆராயத் தொடங்கினர். நானும் என்னுடையதை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவ்வேளையில் என் கைப்பேசி ஒலித்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் யாரோ மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே சென்று பேசலாமென்று எழுந்தேன்.

“பாத்தீங்களா! ஒருத்தர் எழுந்துட்டாரு!” என்றார் தலைமையாசிரியை.

அரங்கம் கரவொலியால் அதிர்ந்தது. கைப்பேசியின் மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டு, “சார், என்னைக் காப்பாத்திட்டாங்களா?” என்று வினவினார். பொதுவாழ்வில் நான் பெற்ற முதல் வாழ்த்தாக அதனை ஏற்றுக்கொண்டேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பு மாணவி. வசந்தகாலச் செயற்பாடுகள் பலவற்றுள் அவள் விரும்பியது ஒன்றே ஒன்று: எலுமிச்சை கரண்டி ஓட்டம். கரண்டியின் காம்பைப் பல்லால் கவ்வி, அதன் குழியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, பழம் விழாமல் எல்லைக்கோட்டை அடையவேண்டும். சென்ற ஆண்டு காய்ச்சல் வந்து அவள் படுத்துவிட்டாள். அந்தக் கடனை இவ்வாண்டு தீர்த்தே ஆகவேண்டும் என்று, அடுக்களைக்கும் குளியலறைக்கும் இடைப்பட்ட நடையை ஓடுதளமாக மாற்றியிருந்தாள். எலுமிச்சைக்குப் பதிலாக உருளைக்கிழங்கு. உருளையைத் தாங்கியவளுக்கு எலுமிச்சை பஞ்சு என்பது அவளுடைய கோட்பாடு.

“ஏங்க, பொண்ணு எவ்ளோ நேரமா ‘பாருப்பா, பாருப்பா’ன்னு கூப்பிடறா. காது கேக்கலியா?” என்றாள் என் மனைவி. மருந்துக்கடையில் பணியாற்றுபவள், எதையும் நேரடியாகக் கேட்டுப் பழகியவள்.

“பாத்துட்டுத்தானே இருக்கேன்.”

“போனைப் பாத்துட்டு இருக்கீங்க.”

“அவ ஓட்டத்தப் பத்தின தகவல்தான்டி போன்ல ஓடிட்டு இருக்கு.”

“அது சரி. ஓடற பொண்ண விட்டுட்டு, ஓடற தகவலப் பாருங்க.”

இஃது ஈடுபாடு குறைந்த குடும்ப உறுப்பினரின் கூற்று. அதனை நான் பதிவு செய்யவில்லை.

குழுவின் கைப்பேசி அரட்டையில் நான் அனுப்பிய முதல் முன்தகவல் இது: ‘வெள்ளிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் எலுமிச்சை கரண்டி ஓட்டம் நடைபெறும். வருக.’ பயிற்சியின்மையால் தெளிவாக எழுதிவிட்டேன். தெளிவான தகவல் ஈடுபாட்டைக் கொன்றுவிடும் என்பதை அப்போது நான் அறியேன். நல்வாய்ப்பாகக் குழு அதனை உயிர்ப்பித்தது.

“எலுமிச்சை நாங்க கொண்டு வரணுமா?” “பழுத்ததா, காயா?” “எங்க வீட்டுக் கரண்டி குழி ஜாஸ்தி, அத வெச்சு ஓடினா ஏமாத்தறதா ஆகுமா?” என்று வினாக்கள் பெருகின. ஒவ்வொரு வினாவுக்கும் ‘காலை வணக்கம்’ என்று குழு அழைக்கும் ஒரு தந்தை பனித்துளி படர்ந்த ரோஜாப் படம் ஒன்றை அனுப்பினார். அவர் எழுதுபொருள் கடை வைத்திருப்பவர். அவருக்கு இயற்பெயர் ஒன்று இருக்கக்கூடும். ஆனால் மாலையிலும் அவர் அனுப்புவது காலை வணக்கம் என்பதால் அப்பெயரே நிலைத்தது.

அப்பொழுதுதான் பல் மருத்துவரின் குரல்பதிவு வந்தது. அவருடைய மகனும் என் மகளின் வகுப்பே.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. பால்பல்லு ஆடிட்டு இருக்கற வயசு. அந்த வாய்ல இரும்புக் கரண்டியக் கவ்விக்கிட்டு ஓட விடறீங்க. நான் எதுவும் சொல்லல. பின்னாடி எங்கிட்டதானே வரப்போறீங்க.”

குழு நடுங்கிற்று. விளையாட்டு ஆசிரியர், “அப்போ கையில பிடிச்சுட்டு ஓடட்டுமே மேடம்” என்று எழுதினார். “கையில பிடிச்சா வாய் சும்மா இருக்கும். கத்துவாங்க. தொண்டை என்னாகறது?” என்று உடனே விடை வந்தது. அறிவியலுக்கு முன் விளையாட்டு ஆசிரியர் தலைவணங்கினார்.

இரண்டாம் வகுப்பு அறையிலேயே அவசரக் கூட்டம் கூடிற்று. பிள்ளைகளுக்கான நாற்காலிகளில் அமர்ந்தமையால் உறுப்பினர்களின் முழங்கால்கள் காதுகளை எட்டின. அந்நிலையில் மனிதர் எவ்வளவு பணிவுடன் சிந்திக்கின்றனர் என்பதைக் கண்டோர் மறவார். தலைமையாசிரியை கரும்பலகைக்கு முன் நின்று கூறினார்: “கல்வி அலுவலகத்துல தெளிவா சொல்லிட்டாங்க. தகவல் மட்டும் பத்தாது, ஈடுபாடு வேணும். குடும்பம் மைதானத்துக்குள்ள இறங்கணும்.”

எனவே பிள்ளையோடு பெற்றோரும் பக்கத்தில் ஓடுவதெனத் தீர்மானித்து, உடன் வந்திருந்த சில பிள்ளைகளை வைத்துப் பள்ளியின் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். பெற்றோர் முன்னால் போய்விட்டனர். ஆகவே கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதெனத் திருத்தினோம். பிள்ளைகள் துணிமூட்டைபோல் பின்னால் இழுபட்டனர். ஆகவே இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவதெனத் திருத்தினோம். ‘காலை வணக்கம்’ தம் மகனைத் தூக்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப ஒரு தனித் துணைக்குழு தேவைப்பட்டது. இறுதியில் பல் மருத்துவர் வரலாற்றுச் சிறப்புமிக்க அத்திருத்தத்தை முன்மொழிந்தார்.

“பிள்ளைங்கள நிழல்ல உக்கார வெச்சுடலாம். அவங்க சார்பா நாம ஓடலாம். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, ஈடுபாட்டுக்கு ஈடுபாடு.”

“மேடம், ஒரு சின்ன சந்தேகம்” என்றார் விளையாட்டு ஆசிரியர். “இது பசங்க ஓட்டம் இல்லீங்களா?”

“யாரு இல்லன்னா?” என்றார் தலைமையாசிரியை. “பசங்க பேர்லதானே ஓடறோம்!”

கரவொலி எழுந்தது. நாற்காலிகளிலிருந்து எழ இயலாதவர்கள் அமர்ந்தவாறே கைதட்டினர்.

அன்று மாலை இம்முன்னேற்றத்தை என் மகளுக்கு முறைப்படி அறிவித்தேன். உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ நான் என்ன செய்யணும்?”

“நீ உற்சாகப்படுத்தணும்.”

“நான் ஓடணும்ப்பா.”

“நீதான்மா ஓடற. உனக்குப் பதிலா நான் ஓடறேன், அவ்ளோதான்.”

“அப்போ உனக்குப் பதிலா நான் ஓடறேன்.”

“அதுக்குத் தீர்மானத்துல இடமில்ல.”

“நல்லா இருக்குங்க தீர்மானம்” என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து. “அடுத்தவங்க லிஃப்ட ரிப்பேர் பண்றவரு, அது வர்ற வரைக்கும் நாலு படி ஏற மாட்டாரு. இவரு ஓடப்போறாரு.”

மகள் என்னை மேலும் கீழும் அளந்தாள். பின்னர் உருளைக்கிழங்கை என் உள்ளங்கையில் வைத்தாள். “சரி, ப்ராக்டிஸ் பண்ணு. மானத்த வாங்காத.”

வெள்ளிக்கிழமை புலர்ந்தது. மைதானத்தின் ஓரங்களில் மஞ்சள் பூக்கள் யாருடைய ஒப்புதலையும் பெறாமல் பூத்திருந்தன. சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சிட்டன. மனைவிக்குக் கடையில் காலைப்பணி. ஆதலால் எங்கள் குடும்பத்தின் முழு ஈடுபாடும் என் தோளில் இறங்கியது. பிள்ளைகள் பந்தலின்கீழ், நாடா கட்டிய எல்லைக்குள், வரிசையாக அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேறு வேலை இல்லாமையால் எங்கள் வேலையைக் கையிலெடுத்தனர்.

“அப்பா, தண்ணி குடிச்சியா?” என்று என் மகள் நாடாவுக்கு மேலாக எட்டிப் பார்த்து வினவினாள். “ஒண்ணுக்குப் போறதுன்னா இப்பவே போயிட்டு வந்துடு. அப்புறம் நடுவுல கேக்கக்கூடாது.”

“அம்மா, ஜெயிக்கறது முக்கியமில்ல” என்று பல் மருத்துவரின் மகன் தாயின் தோளைத் தட்டிக்கொடுத்தான். “ஆனா ஜெயிச்சுடு.”

“பக்கத்துல இருக்கறவங்களத் தள்ளாத! வேடிக்கை பாக்காத! நேராப் பாரு!” என்று ‘காலை வணக்க’த்தின் மகன் தந்தைக்குக் கடைசி அறிவுரை வழங்கினான்.

ஊதல் ஒலித்தது. ஓட்டம் தொடங்கிற்று. குழு தோன்றிய நாள்முதல் அன்றுதான் உறுப்பினர் அனைவரும் ஒரே நேரத்தில் மௌனமாயிருந்தனர். ஏனெனில் அனைவர் வாயிலும் கரண்டி. சட்டைப்பைகளில் கைப்பேசிகள் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தன. ‘காலை வணக்கம்’ பாதி வழியில் மஞ்சள் பூக்களைக் கண்டு, படமெடுக்கக் குனிந்து, பழத்தையும் கரண்டியையும் அவற்றிடமே ஒப்படைத்தார்.

நான் முன்னிலையில் இருந்தேன். உருளைக்கிழங்கு வீண்போகவில்லை. “அப்பா! அப்பா! தோளத் தளர்த்து!” என்ற குரல் பின்னாலிருந்து என்னை உந்திற்று. எல்லைக்கோடு எட்டும் தொலைவுக்கு வந்தபோது என் பையில் ஓர் அதிர்வு. செயலாளர் தகவலைப் புறக்கணிப்பது முறையன்று. எடுத்துப் படித்தேன். ‘ஓட்டம் தொடங்கிவிட்டது. அனைவரும் கவனம் சிதறாமல் ஓடவும்.’ அனுப்பியவர் நானே. அந்நேரத்துக்குச் செல்லும்படி முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தேன். செய்தியின் சிறப்பை வியந்து தலையசைத்தேன். எலுமிச்சை உருண்டது.

பல் மருத்துவர் வென்றார். ஆயினும் பரிசு வழங்கும்பொருட்டுக் கரண்டியைத் திரும்ப வாங்கிய விளையாட்டு ஆசிரியர், அதனைத் தலைகீழாகப் பிடித்தும் பழம் விழாததைக் கண்டு திகைத்தார். இழுத்தார். வரவில்லை.

“அது பல் செட்டு ஒட்டற பசை” என்றான் பல் மருத்துவரின் மகன், பந்தலிலிருந்து, தாழ்ந்த குரலில். “அம்மா, இங்க வா.”

பல் மருத்துவர் தலைகுனிந்து வந்தார். “எல்லாரும்தான் ஏதாவது பண்ணாங்க...”

“எல்லாரும் பண்ணா நீயும் பண்ணுவியா? போய் சார்கிட்ட சாரி சொல்லு. சத்தமா.”

அவர் சத்தமாகவே சொன்னார். என் மகள் தன் துண்டால் என் நெற்றியைத் துடைத்து, “பரவால்லப்பா, கலந்துக்கிட்டதே பெருசு” என்றாள். அவள் குரலில் பெருந்தன்மை மிகுந்திருந்தது. நம்பிக்கைதான் சற்றுக் குறைந்திருந்தது.

தலைமையாசிரியை ஒலிபெருக்கியைப் பற்றினார். “நம்ம பள்ளியோட குடும்ப ஈடுபாடு இன்னிக்கு முழுமை அடைஞ்சிடுச்சு. ஒரு பிள்ளைகூடக் கீழ விழல!” என்று முழங்கினார். உண்மை. ஒரு பிள்ளைக்கும் முழங்கால் சிராயவில்லை, மூச்சு வாங்கவில்லை, வேர்க்கவுமில்லை.

கூட்டம் கலைந்து மரத்தடிக்குச் சென்றது. ஓடுதளம் காலியாயிற்று. அப்போது என் மகள் நாடாவுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். யாரோ விட்டுச்சென்ற கரண்டியையும் பழத்தையும் எடுத்துச் சட்டையில் துடைத்தாள்.

“அப்பா, இப்போ கோடு காலியாத்தானே இருக்கு. நான் ஒரே ஒரு தடவ ஓடிக்கட்டா?”

விளையாட்டு ஆசிரியர் இருபுறமும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். “ஓடட்டும் சார். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் விசில் ஊதறேன்.”

அவள் அதற்குள் கோட்டில் நின்றுவிட்டாள். கரண்டியைக் கவ்வி, பழத்தை வைத்து, ஒரு காலை முன்னே ஊன்றி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தேவைப்பட்டது என்னிடமிருந்து ஒரு சொல். ஆகவே நான் கைப்பேசியை எடுத்தேன்.

‘அவசரக் கருத்துக்கேட்பு: ஒரு பிள்ளை ஓட விரும்புகிறது. உறுப்பினர்கள் கருத்துத் தெரிவிக்கவும்.’

மரத்தடியில் அனைத்துத் தலைகளும் ஒருங்கே குனிந்தன. கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் நின்று அனைவரும் எழுதினர். “ஒருத்திக்கு விட்டா எல்லாம் கேக்கும்.” “என் பையன் இப்பவே ஷூவ இறுக்கறான், சீக்கிரம் ஒரு முடிவு எடுங்க.” “முன்தகவல் இல்லாம எப்படி? நாளைக்கு யாராவது கேட்டா?” ‘காலை வணக்கம்’ மஞ்சள் பூக்களின் படத்தை அனுப்பினார். அழகாக வந்திருந்தது. நிறைவாகத் தலைமையாசிரியை எழுதினார்: “அடுத்த வசந்தத்துக்குத் தள்ளி வைக்கலாம். பிள்ளைகள் தரப்பில் ஆட்சேபம் ஏதும் இருந்தால் செயலாளர் உடனே தெரிவிக்கவும்.”

நான் நிமிர்ந்து மகளைப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பழம் இம்மியும் அசையவில்லை. கண்ணிலிருந்து ஏதோ ஒன்று மூக்கோரமாக இறங்கிக் கரண்டிக் காம்பில் சொட்டியது. அதற்காகக்கூட அவள் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் பழம் விழுந்துவிடும்.

‘பிள்ளைகள் தரப்பில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை’ என்று குழுவுக்குத் தெரிவித்தேன். செயலாளர் பொய்த்தகவல் தரலாகாது, நானும் தரவில்லை. அவள் வாயில் கரண்டி இருந்தது.