கேசட்டில் கேட்ட இருமல்

பாசமும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கு யாவரும் நலம். நீயும் அத்தானும் நலமா என்று ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். முக்கியமாக, உன் இடது காது எப்படி இருக்கிறது என்று உடனே எழுதவும்.

ஐம்பத்தாறு வயதில் காதுக்கு என்ன வந்தது என்று திகைக்காதே. அப்பா தூரதேசத்தில் வெல்டராக இருந்தபோது கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் ஒன்று என் அலமாரியில் கிடந்ததல்லவா, ஒரே இரைச்சல் என்று நாம் பாதியிலேயே நிறுத்திவிட்டோமே, அதை என் மகள் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டு, ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி, "பெரியவளுக்குக் காதுவலி தேவலையா? சின்னவன் ஒழுங்கா சாப்பிடுறானா?" என்கிறார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது என்பதே மறந்துபோய், "சாப்பிடுறேன்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அதோட விட்டுச்சா? "நான் இங்க சௌக்கியமா இருக்கேன்"னு அப்பா சொன்ன கையோட ஒரு இருமல். சும்மா இருமல் இல்லக்கா, அடிவயித்துலேருந்து இழுத்துக்கிட்டு வர்ற இருமல். முன்னாடி இரைச்சல்ல அது நமக்குக் கேக்கவே இல்ல. அன்னியிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல, உடம்பு முடியாததை மறைச்சுக்கிட்டு மனுஷன் நம்மகிட்ட காதுவலியை விசாரிச்சிருக்காரேன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது, பொறுக்க மாட்டாம தெருமுனை டாக்டர்கிட்ட போய் போன்ல போட்டுக் காட்டினேன். அவர் ரெண்டு தடவை கேட்டுட்டு, "நெஞ்சுல சளி கட்டியிருக்கு, நாளைக்கே கூட்டிட்டு வாங்க"ன்னார்.

"அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு டாக்டர்"னேன்.

அவர் பேனாவை மூடி வச்சுட்டு, என் சட்டைக்கையை மடிச்சுவிட்டு, எனக்கு பிரஷர் பார்த்தார். மாத்திரையும் எனக்குத்தான் எழுதினார்.

ஆகையால் அக்கா, நீ மூத்தவள், உனக்கு நினைவிருக்கும். அப்பா திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சிரைத்ததா? நாம்தான் கவனிக்காமல் இருந்துவிட்டோமா? மறைக்காமல் எழுது. அத்தானுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். யாரும் உடம்பை அலட்சியம் பண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத தம்பி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மகள் மீதிப் பகுதியையும் சுத்தம் பண்ணிக் கொடுத்தாள். இருமினது அப்பா இல்ல. கூடத் தங்கியிருந்த யாரோ. "அண்ணே, கொஞ்சம் வெளிய போய் இருமுங்க, நான்னு நினைச்சு வீட்ல பயந்துக்குவாங்க, சின்னவன் பயந்த சுபாவம்"னு அப்பா சொல்றது தெளிவா கேக்குது. கதவு சாத்துறதும் கேக்குது. அதனால மேலே எழுதின எதையும் பொருட்படுத்தாதே. ஆனா அக்கா, கேசட் முடியுற வரைக்கும் அந்த அண்ணன் உள்ள வந்த சத்தமே இல்ல. அவருக்கு அப்புறம் குணமாச்சான்னு அப்பா உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா?