ஜியோலைட் தொட்டியில் போட்ட உப்பு

ஒன்றும் படிக்காதவன் செய்கிற தப்பை ஊர் மன்னித்துவிடும். படித்ததைத் தேவைப்பட்ட நேரத்தில் மறந்து தொலைக்கிறவனுக்கு மன்னிப்பே கிடையாது. நான் எம்.எஸ்ஸி. வேதியியல்.

தா.பழூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்த் தொட்டி கட்டி கெண்டை வளர்த்தேன். ஜெயங்கொண்டத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. விருந்து தாய்மாமன் பொறுப்பு. "கடைக்கறி எதுக்குங்க மாமா? என் தொட்டி மீனே போதும்" என்று அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். (வாய் சும்மா இருந்தால்தானே!) அக்கா அதை மாமியாரிடம் நாலு மடங்காக்கிச் சொன்னாள். பிறந்த வீட்டைப் பற்றி அங்கே அவள் நிமிர்ந்து பேசியது அதுதான் முதல் முறை.

விசேஷம் நெருங்கும்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கழிவு சேர்ந்து தண்ணீரில் அம்மோனியா ஏறிவிட்டது. பெரம்பலூரில் ஜியோலைட் மூட்டை வாங்கி, பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்து கொட்டினேன். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உள்ள கனிமம் அது. அம்மோனியாவைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். மீன்கள் தெளிந்தன. அதோடு விட்டிருக்கலாம்.

விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம், இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கட்டுமே என்று உப்பை அள்ளிப் போட்டேன். மீன் வளர்ப்பவர்கள் போடுவதுதான். ஆனால் உப்பைக் கண்டால் ஜியோலைட் அதை வாங்கிக்கொண்டு, பிடித்து வைத்ததையெல்லாம் வெளியே விட்டுவிடும். உப்புத் தண்ணீர் விட்டுத்தான் அதைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியவன் நான்.

விடிந்தபோது தொட்டி முழுக்க வெள்ளை வயிறு. செத்து ஊறியதை விருந்தில் போட முடியுமா? ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எனக்கு முந்திவிட்டது. கறிக்கடையில் எலும்பு மிச்சம், மீன்கடையில் ஐஸ் மிச்சம். பிராய்லர் கோழியோ அக்கா வீட்டுப் படியே ஏறாது. வெறுங்கையோடு போய் நின்றேன்.

மசாலா அரைத்து வைத்திருந்தார்கள்.

"மீன் எங்கடா தம்பி?" என்றாள் அக்கா.

"செத்துப்போச்சுக்கா."

"எத்தனடா?"

"எல்லாம்."

மாமியார் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சரி வுடு, பருப்ப வேக வையி" என்றார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மீன்களோடு நானும் மிதந்திருக்கலாம் என்று இருந்தது.

இன்றுவரை அந்த வீட்டில் சாம்பாருக்குப் பெயர் 'மாமன் மீன்கொழம்பு'. "இன்னிக்கி என்ன கொழம்பு?" என்று யார் கேட்டாலும் மாமியார் அதைச் சொல்ல, வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். அக்கா மட்டும் சாம்பார் என்றுதான் சொல்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.