கார்ப்பரேட்டர் காரணமாக நீலாம்பாள் முக்கூடல் போனது

ஆழ்வார்குறிச்சி,
தை மாதம், புதன்கிழமை காலை.

திருச்செந்தூர் சன்னிதிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வாங்கி, கடற்காற்றும் பன்னீர் இலை விபூதியுமாகப் பெரும்பேறு பெற்று வாழும் அத்தான் திரு. தாணுமாலையன் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் காந்திமதிநாதன் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். தங்கள் தங்கை நீலாம்பாளும் நலமாகத்தான் இருப்பாள். ஆனால் இருப்பது இங்கே அல்ல, முக்கூடலில், உங்கள் சின்னத் தங்கை வீட்டில். போய் ஒரு வாரத்துக்கு மேலாகிறது. இதைப் போனில் சொன்னால் ஆகாதா, இந்தக் காலத்தில் எவன் கடுதாசி எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நான் போனில் "அத்தான், கார்ப்பரேட்டர்..." என்று ஆரம்பித்ததுமே உங்கள் பக்கம் லைன் அறுந்து விடுகிறது. திருச்செந்தூரில் டவர் சரியில்லை என்று நினைக்கிறேன். கடுதாசியை அப்படி அறுக்க முடியாதல்லவா, அதனால்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் விஜயஸ்ரீ, மாப்பிள்ளையையும் சம்பந்தியம்மாளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். வாசலில் நின்று "வாங்க" என்று சொல்ல நீலா இல்லையென்றால் நான் என்ன பதில் சொல்ல முடியும்? சம்பந்தியம்மாள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். காலிச் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு "ஓகோ" என்பார்கள். அந்த ஓகோவை என்னால் தாங்க முடியாது, அத்தான். தாங்கள் ஒரு போன் போட்டு, "நீலா, வீட்டுக்குப் போ" என்று சொன்னால் போதும். உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு அவளிடம் கிடையாது. என் பேச்சுக்கு மறுபேச்சு மட்டும்தான் உண்டு.

நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி என்று தாங்கள் ஓட்டுவதை நிறுத்தி, "பிள்ளையாப் பாத்துக்கிடணும்" என்று எனக்குக் கொடுத்தீர்களே அந்த மோட்டார் சைக்கிள், அதுதான் மூலகாரணம். குறையாகச் சொல்லவில்லை. ஐப்பசியில் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள் அல்லவா, அப்போது வண்டியை ஷெட்டில் விட்டுச் சாக்கைப் போட்டு மூடினேன். பெட்ரோல் டேப்பை அடைக்க மறந்துபோனேன். மழை முடிந்து மார்கழியில் சாக்கை எடுத்தால் ஷெட் முழுக்க ஒரே பெட்ரோல் வாடை, அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தரை நனைந்து கிடக்கிறது. ஒரு தீக்குச்சி விழுந்திருந்தால் நானும் நீலாவும் ஒரே நாளில் கைலாயம் போயிருப்போம். உதைத்தேன், கிளம்பவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஷேக் மைதீனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கார்ப்பரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறந்து காட்டினார். உள்ளே பழைய பெட்ரோல் கெட்டு, அல்வாவை அடிப்பிடிக்க விட்டதுபோல மஞ்சளாக ஒரு பசை. "அண்ணாச்சி, நின்ன பெட்ரோலு செத்துப் போயிட்டு. மிதவை இந்தப் பசையில ஒட்டிக்கிட்டு மேல வர மாட்டேங்கு, அதான் பெட்ரோல் நெறஞ்சு ஒழுகுது" என்றார். பசையைக் கழுவி, பெட்ரோல் பீச்சும் ஜெட்டின் ஓட்டையைக் கம்பி விட்டுக் குத்தி, டேப்பு வாஷரை மாற்றிக் கொடுத்தார். ஒழுகல் நின்றது. வண்டியும் பூப்போல ஓடியது. கடையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது.

திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தேன். திரும்பக் கழற்றினார். பிளக்கை மாற்றினார், காயிலைத் தட்டிப் பார்த்தார். ஓடியது. கடனாநதிப் பாலத்தைத் தாண்டியதும் மறுபடியும் நின்றது. ஷெட்டைச் சுற்றி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நிற்காது, ஊரை விட்டுக் கொஞ்சம் விலகினால் அதற்குப் பொறுக்காது. வண்டிக்கு வீட்டு நினைப்பு வந்துவிடுகிறதோ என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஷேக் மைதீன் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் பூராப் பாத்தாச்சு. இனிமே நீங்களாச்சு, ஒங்க வண்டியாச்சு. என்னைய விட்டிருங்க வே" என்று கும்பிட்டுவிட்டார்.

அதன்பிறகு நானே களத்தில் இறங்கினேன். யூடியூபில் ஒருத்தர் கார்ப்பரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுகிறார். அவர் பேசுவது இந்தி. ஆனால் ஸ்பேனருக்குப் பாஷை ஏது? ஜெட்டையும் மிதவையையும் பெட்ரோலில் ஊறப்போட வேண்டும் என்று சைகையில் புரிந்துகொண்டேன். ஊறப்போட அகலமான பாத்திரம் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அடுக்களையில் ஈயச்சொம்பு இருந்தது. ஆமாம் அத்தான், அதே ஈயச்சொம்புதான், தங்கள் தாயார் நீலாவுக்குச் சீராகக் கொடுத்தது. நான் என்ன அப்படியேவா வைத்தேன்? புளி போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் அதில் மிளகு ரசம் வைத்தாள். முதல் கவளத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு வாய் வைத்தாள். தட்டைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க நல்லா இருப்பியளா?" என்று கேட்டாள். நல்லா இருக்கேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

இதற்குள் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். அம்பாசமுத்திரம் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் முப்பிடாதி என்று ஒரு அம்மா பெட்ரோல் போடுகிறாள். அவள் போட்டுவிட்டால் வண்டி தங்கமாக ஓடும். நிற்கிற இடத்திலிருந்து தள்ளிக்கொண்டு போய் அவள் கையால் ஐம்பது ரூபாய்க்கு வாங்கி உதைத்தால் ஒரே உதையில் கிளம்பும். அங்கேயே நிற்கிற மற்றப் பையனைப் போடச் சொல்லிப் பார்ப்போமே என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் கைராசி என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறதே! சிலர் கையால் விதை போட்டால் முளைக்கிறது, சிலர் கையால் முதல் போணி ஆனால் வியாபாரம் ஓடுகிறது, நாம் நம்பவில்லையா? அதனால் காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம் என்று போக ஆரம்பித்தேன். நான் ஒரு வெள்ளைமனசுக்காரன். டீக்கடையில் நாலுபேர் கேட்டபோது, "முப்பிடாதி கைபட்டாத்தான் ஓடுது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அது ஊரைச் சுற்றி நீலா காதுக்கு வந்து சேரும்போது அதில் வண்டி இல்லை, நானும் முப்பிடாதியும் மட்டும்தான் மிச்சம் இருந்தோம்.

நீலா சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்சம் உடம்பு சுகமில்லை என்று படுத்துக் கிடந்தாள். அந்தச் சமயம் ஸ்லோ ஜெட்டின் ஓட்டை மறுபடி அடைத்துக்கொண்டது, நல்லவேளையாக வீட்டிலேயே ஒரு கொண்டை ஊசி கிடைத்தது, அதனால் குத்திச் சரி செய்தேன், அதை விடுங்கள். எழுந்து நடமாடிய அன்று காலை ஷெட் வாசலில் வந்து நின்று, "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எது வேணும்னு சொல்லிருங்க" என்றாள். என் கையில் கிண்ணம், கிண்ணத்தில் திருகாணி, கீழே விழுந்தால் அங்கணக்குழிச் சாக்கடையில் போய்விடும். "இந்தா, இதை மட்டும் மாட்டிட்டு வந்து சொல்லுதேன்" என்றேன். மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை. முப்பிடாதி பேச்சுத்தான் அவளைச் சுட்டிருக்கிறது, சந்தேகமே இல்லை.

அன்றிலிருந்து நான் சாப்பிடுவது சோறு என்று சொல்ல மாட்டேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அத்தான். வாசலில் கோலம் இல்லை. ராத்திரி "கதவச் சாத்தியாச்சா" என்று கேட்க ஆள் இல்லாமல் நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை விற்றுவிடலாம் என்றால் தாங்கள் பிள்ளையாக ஒப்படைத்தது, எந்த முகத்தோடு விற்பேன்? இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் நான்.

நேற்றுத்தான் திருப்பம். வழக்கம்போல் வண்டி நின்றது, வழக்கம்போல் பங்குக்குத் தள்ளினேன். முப்பிடாதி மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, டேங்கு நெறஞ்சு தளும்புது. இனி எங்கன ஊத்த? ஒங்க சட்டைப் பையிலயா?" என்றாள். எனக்கு அவமானமாகப் போயிற்று. "அப்ப மூடியையாவது ஒங்கையால மூடி விடு தாயி" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு மூடிவிட்டாள். உதைத்தேன். கிளம்பிவிட்டது! ஒரு சொட்டுப் போடாமல் கிளம்பிவிட்டது! அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ராசி கையில் இல்லை, மூடியில் இருக்கிறது. ஓரமாக நிறுத்திக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு காற்றோட்டை. தேங்காயில் ஒரு கண்ணை மட்டும் குத்தினால் தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா? அதேதான். அந்த ஓட்டை வழியாகக் காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு கெட்டியாக, காய்ந்து போய், சந்தனம்!

வெள்ளிக்கிழமை தோறும் நீலா ஹெட்லைட்டுக்கும் டேங்க் மூடிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள் அல்லவா, அண்ணன் ஓட்டிய வண்டி என்று அத்தனை பக்தி. பாவம், அவள் ஓட்டையைக் கண்டாளா, காற்றைக் கண்டாளா? விவரம் தெரியாத பெண். அதைக் குத்தி எடுக்கவும் எனக்கு மனது வரவில்லை, சாமிக்கென்று அவள் கையால் வைத்தது. அதனால் இப்போதைக்கு நின்ற இடத்தில் எல்லாம் இறங்கி மூடியைத் திறந்து மூடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தாங்கள்தான் நீலாவிடம் பக்குவமாக, மனசு நோகாமல், "நீ வைக்கிற சந்தனத்தால்தான் வண்டி நின்றது, அறியாமல் செய்த பிழை, அவர் உன்னை மன்னித்துவிட்டார்" என்று எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவைக்க வேண்டும். நானே போய்க் கூப்பிடலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் எனக்கு ஏனோ ஜெட்டில் ஆரம்பித்து மிதவையில் போய் முடிகிறது.

தங்கள் முழங்காலுக்குக் கந்தவேள் சீக்கிரம் சுகம் கொடுக்கட்டும். வீட்டில் சிறியவர்களுக்கு என் ஆசிகளும் பெரியவர்களுக்கு என் நமஸ்காரங்களும் உரித்தாகுக. தபால்தலை வாங்கி வந்து ஒட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

தங்கள் அன்பு மறவாத,
காந்திமதிநாதன்.

பின்குறிப்பு:

அண்ணாச்சிக்கு நீலா எழுதுறது. இந்தக் கடுதாசி மேசையில கெடந்துச்சு, படிச்சிட்டேன். அவருக்குச் சொல்லாமதான் இத எழுதி ஒட்டுதேன்.

விவரம் தெரியாத பெண்ணாம். நீங்க இந்த வண்டி மூடிய ஊதி ஊதித் தொடச்சத எத்தன வருசம் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அந்த ஓட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சந்தனத்த அப்புனேன். கண்ணு டாக்டரு இன்னும் கொஞ்ச நாளைக்கு தூரம் ஓட்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னாரு. இவரு "தூரம்னாரே தவிர எவ்வளவு தூரம்னு சொல்லலயே"ன்னுட்டு தென்காசிக்குக் கெளம்புதாரு. மனுசி சொன்னாக் கேக்க மாட்டாரு, வண்டி சொன்னாக் கேப்பாருன்னு நெனச்சேன். அதக் கழட்டி அடுக்களைக்குள்ளயே கொண்டாருவாருன்னு கண்டனா?

முப்பிடாதியப் பத்தி எனக்கு ஒரு சந்தேகமும் கெடையாது. முந்தாநேத்து எனக்குப் போன் போட்டு, "அக்கா, அண்ணாச்சி மூடியத் தொறந்து மூடச் சொல்லுதாவ, பாக்கவே பாவமா இருக்கு, வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னதே அவதான். அந்தப் பேச்ச ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சவரு இவருதான், பெருமை வேற.

நான் போனதுக்குக் காரணம் ரசமும் இல்ல, முப்பிடாதியும் இல்ல. எனக்கு அன்னைக்கு நல்ல காய்ச்சல். கண்ணத் தொறக்க முடியல. இவரு பக்கத்துல வந்து உக்காந்து தலைமாட்டுல கையக் கொண்டு வந்தாரு. நெத்தியத் தொட்டுப் பாக்கப் போறாருன்னு நெனச்சேன். தலையில இருந்த கொண்டை ஊசிய உருவிட்டுப் போயிட்டாரு. ஜெட்டு குத்துறதுக்காம். அன்னைக்குத்தான் அண்ணாச்சி, மனசு விட்டுப் போச்சு.

நீங்க போன் எதுவும் போட வேண்டாம். நேத்து தபால்தலை வாங்கக் கெளம்புன மனுசன் நேரா முக்கூடலுக்கு வந்து தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னாரு. சவரம் பண்ணாத மூஞ்சி, சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை. தங்கச்சி காப்பி குடுத்தா, வாங்கி வச்சிட்டு நின்னுக்கிட்டே இருந்தாரு. பொறவு பைய வந்து என் நெத்தியில பொறங்கைய வச்சுப் பாத்து, "காய்ச்சல் விட்டுட்டாட்டீ?"ன்னு கேட்டாரு. விட்டு ஒரு வாரமாச்சுன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. வண்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

பெட்டியத் தூக்கிட்டு வண்டியில பின்னால ஏறிட்டேன்.

நீலா.